வெளிநாட்டில் பழைய நம்பருக்கு ஓடிபி வருமா?

கேள்வி:
அடுத்த வாரம் அம்மா முதல் தடவையாகத் தனியாக வெளிநாடு போறாங்க. போனில் ஒரு சிம் போடத்தான் இடம் இருக்கு. அங்கே லோக்கல் சிம் போட்டால் பேங்க் ஓடிபி எப்படி வரும்? கழற்றின சிம்மைத் தொலைச்சிடுவாங்களோன்னும் பயமா இருக்கு.

பதில் 1:
*#06# அழுத்திப் பாருங்க. ஐஎம்இஐங்கிற போன் அடையாள எண் கூடவே இஐடின்னு 32 இலக்க எண் வந்தால், அந்த போன் இ-சிம் ஏற்கும், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கிற சிம். பழைய சிம்மைத் தொடவே வேண்டாம். டேட்டாவுக்கு இ-சிம், ஓடிபிக்குப் பழைய சிம். கிளம்பும் முன்னாடியே வீட்டு வைஃபையில் இ-சிம்மை ஏற்றிடுங்க, அதை இறக்கவே இன்டர்நெட் வேணும். பழைய சிம்மில் சர்வதேச ரோமிங், அதாவது வெளிநாட்டிலும் அந்த சிம் வேலை செய்யும் சேவை, ஆன்ல இருக்கணும், போன் செட்டிங்ஸில் 'டேட்டா ரோமிங்' மட்டும் ஆஃப்ல இருக்கணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் போன வருஷம் எங்கப்பா பத்து நாள் ஒரு எஸ்எம்எஸ்கூட வராமல் தவிச்சார்.

பதில் 2:
இ-சிம் இல்லைன்னா, பழைய சிம்மை ஒரு அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டி பர்ஸுக்குள்ள வைக்கச் சொல்லுங்க. நானோ சிம் 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர்தான், நகத்தளவு. நான் விமானத்திலேயே மாற்றப் போய், சீட்டுக்கடியில் விழுந்ததை டார்ச் அடிச்சுத் தேடினேன். வாட்ஸ்அப் நம்பரை மாற்றணுமான்னு கேட்டால் வேண்டாம்னு கொடுக்கணும். எல்லா நம்பரையும் பிளஸ் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துப் பதிஞ்சு வைங்க.

கேள்வி கேட்டவர்:
இஐடி வந்துடுச்சு! இன்னிக்கே அம்மாவை உட்கார வெச்சு செட்டிங்ஸைக் காட்டித் தரேன். ரொம்ப நன்றிங்க.