நன்னடத்தைப் பிணைக் காலம் முடிந்த பிறகும் பிடிவாரண்ட் செல்லுமா?

குழுவில் உள்ள வழக்கறிஞர்களுக்கு வணக்கம். என் சித்தப்பா மகனை ஓர் அடிதடி வழக்கில் சிறைக்கு அனுப்பாமல், 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவித்தார்கள். பிழைப்புக்காகத் திருப்பூர் போனவன், முகவரி மாறியதை நன்னடத்தை அலுவலரிடம் சொல்லவில்லை (ஒரு கடிதம் போட்டிருந்தால் முடிந்திருக்கும்). அதனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவில் பிடிவாரண்ட் பிறப்பித்துவிட்டார்கள்.

பிணைக் காலம் போன ஆண்டே முடிந்துவிட்டது, வாரண்டும் காலாவதிதான் என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நிறைவேற்றும் வரையோ, பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையோ வாரண்ட் அமலில் இருக்கும் என்றுதான் பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 72ஆம் பிரிவு சொல்கிறது. போன வாரம் ஒரு காவலர் வந்து, நான்காக மடித்த தாளைப் பிரித்துக் காட்டி, ஜாமீன் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவை விசாரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

வாரண்டைத் திரும்பப் பெற மனு போட்டு அவனே நேரில் ஆஜரானால், முதல் மீறல் என்று 50 ரூபாய்க்குள் அபராதம் விதித்து விடுவார்களா, அல்லது பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவார்களா? பிணைக் காலம் முடிந்ததை வாதமாக வைக்கலாமா? இத்தகைய வழக்கு நடத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை அவனை ஊருக்கு அழைத்துவர இருக்கிறோம்.