முகம் காட்டிக்கொடுக்கும் ஆளுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரே வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: "அவள் மனதில் ஓடுவதை முகமே சொல்லிவிடும்."

'ஓப்பன் புக்' போட்டுப் பார்த்தேன். ஒளிவுமறைவே இல்லாதவள் என்றாகிறது. இவளோ கூச்சக்காரி, தன்னைப் பற்றி வாய் திறக்கவே மாட்டாள். 'வேர் யுவர் ஹார்ட் ஆன் யுவர் ஸ்லீவ்' என்றால் உணர்ச்சியைத் தானே வெளியே காட்டுகிறவள் ஆகிவிடுகிறாள். (ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வில் இதைச் சொல்பவன் வஞ்சகன் இயாகோ, அப்படிச் செய்ய மாட்டேன் என்றுதான் சொல்கிறான்.) 'வாட் யூ சீ இஸ் வாட் யூ கெட்' இந்த வரிக்கு ரொம்ப முரட்டுத்தனம். 'ரீட் ஹெர் லைக் எ புக்' ஓரளவு ஒட்டுகிறது. ஆனால் சாமர்த்தியம் படிப்பவர் பக்கம் போய்விடுகிறது.

மறைக்க நினைத்தும் முகம் காட்டிக்கொடுத்துவிடும் ஆளுக்கு, ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் மரபுத்தொடர் எது?