'மேனுஃபேக்சர்டு ஹோம்': ஆயத்த வீடா, சேஸ் வீடா?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவில் ஆலையில் கட்டி முடித்து, சாலை வழியே இழுத்துவந்து மனையில் நிறுத்தும் வீடுகளுக்கான கூட்டரசுத் தர விதிகள் பற்றிய கையேடு தமிழாகிறது. 'மேனுஃபேக்சர்டு ஹோம்' என்பதற்கு 'ஆயத்த வீடு' என்று போட்டேன். அதே பக்கத்தில் 'மாடுலர் ஹோம்', 'மொபைல் ஹோம்' இரண்டும் வருகின்றன. 'ஆயத்த வீடு' மூன்றுக்குமே பொருந்திவிடுகிறது. 'சர்டிஃபிகேஷன் லேபிள்', 'டேட்டா பிளேட்', 'ஆங்கர்', 'டை-டவுன்', 'மேரேஜ் லைன்' ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

மடல் 2

வணக்கம்.

இந்த மூன்று வீடுகளையும் பார்வையால் பிரிக்க முடியாது, சட்டத்தால்தான் பிரிக்க முடியும். ஆகவே சொல்லும் அங்கிருந்தே வர வேண்டும்.

1974இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் (ஆங்கிலச் சுருக்கம் 'ஹட்') தரவிதிகள் 1976 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. 'ஹட் கோடு' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அந்தத் தேதிக்கு முன் கட்டியது 'மொபைல் ஹோம்'. பின்னால் இந்த விதிப்படி கட்டியது 'மேனுஃபேக்சர்டு ஹோம்'. சட்டத்தில் பெயரை மாற்றியது 1980இல்தான். 'மாடுலர்' வீடும் ஆலையில்தான் உருவாகிறது. ஆனால் அது போய் அமரும் மாநிலத்தின், ஊரின் கட்டட விதிக்குத்தான் கட்டுப்படும். ஹட் கோடு அதைத் தொடாது.

விதியின் வரையறையைப் பாருங்கள். இழுத்துச் செல்லும் நிலையில் குறைந்தது 8 அடி அகலமோ 40 அடி நீளமோ இருக்க வேண்டும், அல்லது நிறுத்தியபின் 320 சதுர அடியாவது இருக்க வேண்டும். குழாய், மின்சார, வெப்ப அமைப்புகள் உள்ளேயே இருக்க வேண்டும். இவற்றோடு, நிரந்தரமான சேஸ் (அடியில் தாங்கும் இரும்புச் சட்டகம்) மீது கட்டப்பட்டிருக்க வேண்டும். மனையில் இறக்கியபின் அச்சையும் சக்கரத்தையும் கழற்றலாம், இரும்பு உத்தரங்களைக் கழற்ற முடியாது. வீட்டின் தரையே அவற்றின் மேல்தான் நிற்கிறது. 'ஆயத்தம்' என்ற சொல்லில் இது எங்கே இருக்கிறது? ஆயத்த ஆடை போல, முன்கூட்டியே செய்தது என்பதோடு அதன் பொருள் நின்றுவிடுகிறது.

என் பரிந்துரை: பொதுப்பெயர் 'ஆலைவீடு'. அதற்குள் மூன்று வகை. ஹட் கோடுக்கு உட்பட்டது 'அடிச்சட்ட வீடு', மாடுலர் 'கூற்று வீடு', 1976க்கு முந்தையது 'நகர்வீடு'. நகர்வீடு என்பதைப் புது வீட்டுக்குப் போட்டுவிட்டால், வாங்குபவர் தர விதி இல்லாத காலத்து வீடு என்று எண்ணிவிடுவார்.

'லேபிள்' என்பதை 'ஒட்டுச்சீட்டு' என்று தயவுசெய்து போடாதீர்கள். அது ஏறத்தாழ 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் உள்ள சிவப்பு அலுமினியத் தகடு. இழுத்துவரும்போது பின்விளக்கு இருக்கும் முனையில், வீட்டின் தளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு அடி மேலே வெளிச்சுவரில் ரிவிட் அடித்திருப்பார்கள். இரண்டு பகுதியாக வரும் வீட்டுக்குத் தகடும் இரண்டு. தொலைந்தால் வேறு தகடு கிடைக்காது, சரிபார்ப்புக் கடிதம்தான் வாங்க முடியும். ஆகவே 'சான்றுத் தகடு'. ஆங்கிலத்தில் 'டேட்டா பிளேட்' எனப்படும் இன்னொன்றோ வெறும் காகிதம்! மின்பலகை அருகிலோ, எளிதில் கண்ணில் படும் வேறிடத்திலோ உள்ளே ஒட்டியிருக்கும். ஆலையின் பெயர், வரிசை எண், எந்தக் காற்று மண்டலத்துக்கும் கூரைச் சுமைக்கும் கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில்தான். அது 'விவரத்தாள்'. இரண்டையும் 'தகடு' என்றால், வெளியே தேட வேண்டியதை உள்ளே தேடுவார்கள்.

மடல் 3

பெரும்பாலும் உடன்படுகிறேன். 'அடிச்சட்டம்' மட்டும் நெருடுகிறது. 'சட்டம்' என்றாலே இந்தக் கையேட்டில் இயற்றிய சட்டம்தான் நினைவுக்கு வரும். 'அடிச்சட்ட விதி' என்று ஒரு தொடர் வந்தால் அடிப்படைச் சட்டமாகிவிடும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் 'சேஸ்' என்றுதான் சொல்கிறார்கள், ஆர்.சி. புத்தகத்தில் 'சேஸ் நம்பர்' பார்க்காத வண்டிக்காரர் இல்லை. இந்த வீட்டின் வரிசை எண்ணும் முன்பக்கக் குறுக்கு இரும்பில்தான் அடிக்கப்படுகிறது, எழுத்து குறைந்தது 3/8 அங்குல உயரம். 'சேஸ் வீடு' என்றே வைக்கலாம்.

> 'ஆங்கர்', 'டை-டவுன்'

'நங்கூரம்' கப்பலுக்கு. மாட்டைக் கட்ட நிலத்தில் அடிப்பது முளை, வீட்டை நிலத்தோடு பிடித்துக் கட்டும் இதுவும் அதே வேலைதான் செய்கிறது. கம்பியின் அடியில் திருகு வட்டு இருப்பதால் 'திருகுமுளை'. முளையையும் சேஸையும் இணைக்கும் எஃகுப் பட்டை 'கட்டுவார்': 1¼ அங்குல அகலம், 0.035 அங்குலத் தடிமன், 3,150 பவுண்டு இழுவைக்குக் கணக்கிட்டது, அதில் பாதி மிகுதியாக 4,725 வரை தாங்க வேண்டும்.

முளை தோற்பது பெரும்பாலும் மேலே பிடுங்கிக்கொண்டு அல்ல. வார் சரிவாக இழுப்பதால், முளையின் தலை ஈரமண்ணைக் கத்தி போல அறுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும். வார் தளரும், வீடு அடியில் தாங்கும் கட்டைகளிலிருந்து வழுக்கும். அதைத் தடுக்க முளைக்கு முன்னால் மண்ணில் இறக்கும் தகட்டுக்கு 'ஸ்டெபிலைசர் பிளேட்' என்று பெயர். 'நிலைப்படுத்தி' என்றால் மின்சாரக் கருவி ஞாபகம் வரும். 'அணைதகடு' எனலாம். சேஸுக்கு அடியில் அடுக்கும் கான்கிரீட் கட்டைகள் 'முட்டு', முட்டுக்கொடுப்பது என்ற சொல் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது.

'மேரேஜ் லைன்' என்பதற்கு 'மணக்கோடு' வேண்டாம். இரண்டு பகுதிகள் சேரும் இடம் 'நடுப்பொருத்து'. முட்டு அமிழ்ந்தால் முதலில் வாய்பிளப்பது இதுதான். கதவு நிலையில் உரசும், கூரை முகட்டில் நீர் இறங்கும். அதனால்தான் வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் வெளிப்புறமாக வாட்டம் கேட்கிறது விதி. 'சரிவு' என்பதைவிட கொத்தனார் சொல்லும் 'வாட்டம்' துல்லியம்.

மடல் 4

நன்றி. சேஸ் வீடு, சான்றுத் தகடு, விவரத்தாள், திருகுமுளை, கட்டுவார், அணைதகடு, முட்டு, நடுப்பொருத்து எல்லாம் ஏற்றாயிற்று. 'விண்ட் ஸோன்' என்பதைப் 'புயல் மண்டலம்' என்று மாற்றலாமா? 1992 ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின் 1994இல் கடுமையாக்கிய விதிப்பகுதி அது.

மடல் 5

வேண்டாம். காற்றுச்சுமை குறைந்த மண்டலம் 1 புயலற்ற இடம் என்று பொருளாகிவிடும். அங்கும் பக்கவாட்டில் சதுர அடிக்கு 15 பவுண்டு, மேல்தூக்காக 9 பவுண்டு தாங்கித்தான் ஆக வேண்டும். 'காற்றுச்சுமை மண்டலம்' என்று போடுங்கள். மண்டலம் 3க்குக் கட்டிய வீட்டை 1இல் நிறுத்தலாம், 1க்குக் கட்டியதை 3இல் நிறுத்தக் கூடாது. இந்த வரியை விவரத்தாள் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.