ஸ்பானிஷ் படிக்கும்போது தமிழ் கைகொடுக்கும் இடங்கள், காலை வாரும் இடங்கள்

புதிதாகப் படிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பிழை ‘ஆன்தெஸ் தெ கொமியெந்தோ’. ஆங்கில ‘பிஃபோர் ஈட்டிங்’கின் ‘இங்’கை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வரும் வினை. ‘தெ’, ‘சின்’, ‘பாரா’ போன்ற சொற்களுக்குப் பின்னால் வினையின் மூல வடிவம் மட்டுமே வரும்: ஆன்தெஸ் தெ கொமெர் (சாப்பிடும் முன்), சின் தெஸிர் நாதா (ஒன்றும் சொல்லாமல்), ஆல் யெகார் (வந்ததும்). தமிழில் ‘சாப்பிட’ வேறு, ‘சாப்பிடுவது’ வேறு. அங்கே இரண்டுக்கும் கொமெர்தான். கியெரோ கொமெர் என்றால் சாப்பிட விரும்புகிறேன். கொமெர் தார்தே எஸ் மாலோ என்றால் நேரங்கழித்துச் சாப்பிடுவது கெடுதல். விரும்புவது நான், வர வேண்டியது நீ என்று ஆள் மாறினால் மூல வடிவம் செல்லாது. கியெரோ கெ பெங்காஸ் (நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்) என்றே சொல்ல வேண்டும்.

—

மேலே உள்ள குறிப்பை எழுதியவர் ஆர்ட்டிகிளைத் தொடவில்லை (பெயருக்கு முன்னால் வரும் எல், லா போன்ற சொற்கள், ஆங்கில ‘தி’ போல). அங்கே ஆங்கிலத்தைவிடத் தமிழ் நல்ல வழிகாட்டி. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதில் ‘என் தலை’ இல்லையே? மெ துயெலே லா காபெஸா அப்படியே அதே அமைப்பு: மெ என்பது எனக்கு, காபெஸா தலை. ‘மி காபெஸா’ (என் தலை) என்று போட்டால் காதில் இடறும். கை கழுவுவதும் மெ லாவோ லாஸ் மானோஸ்தான், ‘மிஸ் மானோஸ்’ இல்லை.

தமிழ் உதவாத இடம் ஆகுவா (தண்ணீர்). பெண்பால் சொல், பெண்பாலுக்கு ‘லா’தான் வர வேண்டும், ஆனால் ஆண்பாலுக்குரிய ‘எல்’ போட்டு எல் ஆகுவா. அழுத்தமான ‘ஆ’வில் தொடங்கும் பெண்பால் பெயருக்கு ஒருமையில், ஒட்டி முன்னால் வரும்போது மட்டும் ‘லா’ ‘எல்’ ஆகும். பால் மாறுவதில்லை. அதனால் எல் ஆகுவா ஃப்ரீயா (குளிர்ந்த தண்ணீர்), பன்மையில் லாஸ் ஆகுவாஸ், ‘இந்தத் தண்ணீர்’ என்றால் எஸ்தா ஆகுவா. ஆண்பால் வடிவத்தில் ‘எஸ்தே ஆகுவா’ என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வதுண்டு. எழுத்தில் அது பிழை. நடுவில் ஒரு சொல் நுழைந்தால் ‘லா’ திரும்பிவிடும்: லா கிரான் ஆகிலா (பெரிய கழுகு). அமீகாவில் (தோழி) முதல் எழுத்துக்கு அழுத்தமில்லை, எனவே லா அமீகா.

—

மேலே உள்ளவற்றோடு வியப்பு வாக்கியம் பற்றியும் ஒரு சேர்க்கை. ‘என்ன வெக்கை!’ என்பது கெ காலோர்! ‘கெ’க்குப் பின்னால் ‘ஒரு’ என்று பொருள்படும் ஸ்பானிஷ் ‘உன்’, ‘உனா’ வேண்டாம். பெயரடை சேர்ந்தால் நடுவில் ‘தான்’ அல்லது ‘மாஸ்’ என்ற ஸ்பானிஷ் சொல் வரும்: கெ காஸா தான் போனீத்தா! (எவ்வளவு அழகான வீடு!)

முழு வாக்கியத்தில்தான் சறுக்கல். ‘உன் தங்கை எவ்வளவு நன்றாகப் பாடுகிறாள்!’ என்பதில் நமக்கு வினை கடைசியில். அங்கே ‘கெ பியென்’ முடிந்த கையோடு வினை, ஆள் அதற்கும் பின்னால்: கெ பியென் காந்தா து எர்மானா! ‘கெ பியென் து எர்மானா காந்தா’ என்றால் புரியும், ஆனால் ஒட்டாது. எழுதும்போது இந்தக் ‘கெ’யின் தலையில் அழுத்தக்குறி கட்டாயம். தலைகீழ் வியப்புக்குறி வாக்கியத்தின் தொடக்கத்தில் அல்ல, வியப்பு தொடங்கும் இடத்தில். ‘அம்மா, என்ன வெக்கை!’யில் அது ‘என்ன’வுக்கு முன்னால்.

மூல வடிவமே தனியாக வியப்பாவதும் உண்டு. ஆபெர்லோ தீச்சோ! அதாவது, சொல்லியிருக்கலாமே!