தொட்டாலே கூசுகிறது: பைபோலார் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எனக்கு பைபோலார் டைப் 2, அதாவது மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் நோய். வயது 34. நாலு வருஷமாக அதற்கு லித்தியம் மருந்து. கடந்த மூன்று மாதமாக, மனசு தறிகெட்டு ஓடும் நாட்களில் கணவர் தோளில் கை வைத்தாலே உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல் இருக்கிறது. சட்டைக் கழுத்து லேபிளைக்கூட வெட்டி எறிந்துவிட்டேன். சோர்வு நாட்களில் நேர்மாறு: அணைத்தாலும் மரத்துப்போன மாதிரி. நெருக்கம் அறவே நின்றுவிட்டது. அவர் கோபப்படுவதில்லை, சத்தமில்லாமல் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து படுக்கிறார். அதுதான் தாங்கவில்லை.

ரத்தத்தில் லித்தியம் அளவு 0.8, அது சரியாகத்தான் இருக்கிறது; தைராய்டும் சரி. தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தினேன், தினமும் மனநிலையைக் குறித்து வைக்கிறேன். டாக்டர் ‘ஸ்ட்ரெஸ்’ என்று முடித்துவிட்டார். மருந்தை நானாக நிறுத்துவதாக இல்லை, அந்த யோசனை வேண்டாம்.

இப்படி இருந்தவர்கள், துணையின் மனசு நோகாமல் ‘இன்று தொடாதே’ என்பதை எப்படிச் சொன்னீர்கள்?