பெரிய காலிபர் வேட்டை ரைபிள்கள்: அளவான செலவில் சேகரிக்க எதில் தொடங்குவது?

கேள்வி:
உரிமம் பெற்றுச் சிறிய காலிபர் ரைபிள்கள் சிலவற்றை வைத்திருக்கும் நான், பெரிய விலங்கு வேட்டைக்கென்று செய்யப்பட்ட பழைய ரைபிள்களில் மூன்று நான்கையாவது கடன்படாமல் சேகரிக்க விரும்புகிறேன். இப்போது இரண்டு கண்ணில் பட்டுள்ளன. ஒன்று, சாதாரண நீளமுள்ள மவுசர் 98 ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் எஃகுப் பொறி) பின்னாளில் .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்காக மாற்றிக் கட்டியது. அதன் மரக்கட்டையில், டேங்கிற்கு (அந்தப் பொறியின் வால் போன்ற பின்முனை) சற்றுப் பின்னே, மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது. மற்றொன்று, 3¼ அங்குலத் தோட்டா உறைக்கான .450 இரட்டைக் குழல் ரைபிள். விலையோ அந்த வகைக்கு நான் கேள்விப்பட்டதில் பாதிகூட இல்லை. எதை வாங்கலாம்?

பதில் 1:
இரட்டைக் குழலின் விலை குறைவாக இருப்பதே முதல் எச்சரிக்கை. 3¼ அங்குல .450 உறை முதலில் கருமருந்துக்காக உருவானது. 1898-இல் அதே உறையில் கார்டைட் என்ற வலிமையான புகையற்ற மருந்தை நிரப்பித்தான் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் வந்தது. ஆகவே கருமருந்துக் காலத்து ரைபிளின் அறைக்குள் நைட்ரோ தோட்டா தடையின்றி நுழைந்துவிடக்கூடும். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க அந்தக் குழல்கள் செய்யப்படவில்லை. குழல்களைக் கழற்றி, அடிப்புறத்தில் உள்ள சோதனை முத்திரைகளைப் பாருங்கள். நைட்ரோவுக்காகச் சோதிக்கப்பட்ட பிரிட்டன் ரைபிள்களில் கார்டைட் என்ற சொல்லும், மருந்தின் எடையும், குண்டின் எடையும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். அவை இல்லையென்றால், அழகுக்காக மட்டும் வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பதில் 2:
மவுசரைப் பற்றி நான் சொல்கிறேன். பின்னுதைப்பை ஏற்க வேண்டியது ஆக்‌ஷனின் அடியில் உள்ள உதைத்தாங்கி. அது மரத்தோடு முழுமையாகப் பொருந்தாதபோது, ஆக்‌ஷன் சிறிது பின்வாங்கி டேங்கின் முனையால் மரத்தைப் பிளக்கிறது. எனவே விரிசலைப் பசையால் ஒட்டுவது மட்டும் தீர்வாகாது. ஆக்‌ஷனைக் கழற்றி, உதைத்தாங்கியின் பின்முகத்தில் விளக்குக் கரியை மெல்லப் பூசி மீண்டும் பொருத்தி எடுங்கள். மரத்தில் கரி எங்கே படுகிறதோ அங்கேதான் சுமை இறங்குகிறது. ஒரு மூலையில் மட்டும் புள்ளியாகப் பட்டிருந்தால், எபாக்ஸி இட்டு, அது மரத்தில் அமரும் படுகையைச் சரிசெய்து, டேங்கிற்குப் பின்னே மெல்லிய இடைவெளியும் விடச் செய்ய வேண்டும்.

ஆனால் எனக்குக் கவலை தருவது மரம் அன்று, எஃகு. .375 தோட்டாவின் முழு நீளம் 3.6 அங்குலம், அதை நுழைக்கச் சாதாரண மவுசரின் மேகஸினை நீட்டும்போது, கீழ்ப் பூட்டுமுனை (சுடும்போது போல்ட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும் முனை) தாங்கும் இடத்தின் பின்னாலிருந்து எஃகைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். அங்கே எவ்வளவு மீந்திருக்கிறது என்பதைத் தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞரிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இரண்டையும் கைவினைஞரிடம் கொண்டுசென்று காட்டினேன். குழலில் கார்டைட் என்ற சொல்லே இல்லை. மவுசரில் கரி வலது மூலையில் மட்டும் பட்டது. பூட்டுமுனைக்குப் பின்னே எஃகு மிக மெலிந்திருப்பதாக அவர் சொன்னார். இரண்டையும் விட்டுவிட்டேன். வருத்தம்தான். இனி எதைத் தேடுவது?

பதில் 2:
விட்டது நல்லது. 1956-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .458 வின்செஸ்டர் மேக்னத்தைத் தேடுங்கள். அதன் உறை 2.5 அங்குலமே ஆதலால், சாதாரண நீள ஆக்‌ஷனிலேயே அடங்குகிறது. எஃகைச் சுரண்ட வேண்டியதில்லை, விலை உயர்ந்த மேக்னம் ஆக்‌ஷனும் தேவையில்லை. வின்செஸ்டரின் மாடல் 70 ரைபிளை வாங்குவதாக இருந்தால், 1964-க்கு முன் செய்தவற்றைச் சேகரிப்பாளர்கள் அவற்றின் நீண்ட நக இழுப்பானுக்காக (உறையைப் பற்றி வெளியே இழுக்கும் நகம்) பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதன் பின் வந்தவை அடக்கமான விலையில் கிடைக்கும். முதல் ரைபிளுக்கு அவை போதும் என்பதே என் கருத்து.

பதில் 1:
தோட்டாச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். .404 ஜெஃப்ரி, .416 ரிக்பி போன்றவற்றின் தோட்டாக்களைத் தேடி அலைய நேரிடும்; .375 அப்படியன்று, 1912 முதல் இன்றுவரை தொடர்ந்து செய்யப்படுகிறது. ஆகவே .458-க்குப் பிறகு இரண்டாவது ரைபிளாக, தொழிற்சாலையிலேயே .375-க்காகக் கட்டிய ஒன்றைத் தேடலாம். செக் நாட்டு பிர்னோ (Brno) பெயரில் வந்த இசட்.கே.கே. 602 ரைபிள் மேக்னம் நீள ஆக்‌ஷனுடனேயே வந்தது; பழையதாக வாங்கும்போது குழலின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.