எஸ்டிஆர்களின் (புது வாடிக்கையாளர்களைத் தேடி முதலில் பேசும் விற்பனை ஆட்களின்) சில்லறை வேலைகளை வேறொருவரிடம் கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

ஆறுபேர்குழு:
என் குழுவில் ஆறு எஸ்டிஆர்கள். போன வாரம் இரண்டு நாட்கள் மட்டும், அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று குறித்து வைக்கச் சொன்னேன். சேர்த்துப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாதவர்கூட ஆட்களோடு நேரடியாகப் பேசியது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. மீதி நேரமெல்லாம் யாரை அழைக்கலாம் என்று லிஸ்ட் சேர்ப்பது, மின்னஞ்சல் முகவரி தேடுவது, ஒரே நிறுவனம் சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் மென்பொருளில்) இரண்டு தடவை இருந்தால் ஒன்றாக்குவது, பேசி முடித்த அழைப்பைப் பதிவது, மீட்டிங் நேரம் மாற்றுவது என்றே போயிருக்கிறது. பகுதி நேரமாக ஒருவரை வைத்து இதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகைபேசி:
கொடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். முன்பு இருந்த நிறுவனத்தில் லிஸ்ட் வேலையை வெளியே கொடுத்தோம், "மார்க்கெட்டிங் தலைவர்கள், நடுத்தர நிறுவனங்கள்" என்று ஒரு வரி மட்டும் சொல்லி. இரண்டு வாரத்தில் நாலாயிரம் பெயர் வந்தது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். அனுப்பின பிறகுதான் தெரிந்தது, அதில் பாதிப்பேர் வேலை மாறிப் போனவர்கள். மின்னஞ்சல் போய்ச் சேராமல் பவுன்ஸ் ஆகி ஆகி எங்கள் டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) பெயரே கெட்டு, நல்ல ஆளுக்கு அனுப்பியதும் ஸ்பேமில் விழ ஆரம்பித்தது. அதைச் சரிசெய்ய மாதக்கணக்கானது. இப்போது இன்னும் கவனம் வேண்டும். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் விதியே வைத்திருக்கிறது. நீங்கள் அவ்வளவு அனுப்பாவிட்டாலும் மோசமான லிஸ்ட்டின் விளைவு ஒன்றுதான்.

அதனால் ஆள் வைப்பதற்கு முன்னால் எது சரியான லீட் (வாங்க வாய்ப்புள்ள ஆள்) என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை பேர் வேலை செய்யும் நிறுவனம், எந்தப் பதவி, யாரை விட்டுவிட வேண்டும் (ஏற்கெனவே வாடிக்கையாளர், போட்டியாளர், "இனி அனுப்பாதே" என்றவர்). கூடவே சரியான உதாரணம் பத்து, தப்பான உதாரணம் பத்து. இந்தத் தப்பான பத்துதான் முக்கியம், அதைப் பார்த்துத்தான் புது ஆள் கற்றுக்கொள்கிறார். முதல் மாதம் வாரத்துக்கு ஐம்பது பெயரை நீங்களே எடுத்துச் சரிபாருங்கள்.

மூன்றாவதுஅழைப்பு:
நான் எஸ்டிஆராகவே இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முகவரி தேடுவது, பதிவு செய்வது, மீட்டிங்குக்கு முந்தின நாள் நினைவூட்டல் அனுப்புவது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், நன்றி சொல்வேன். ஆனால் ஒருவரை அழைப்பதற்கு முன்னால் அவர் நிறுவனத்தைப் பற்றி நானே இரண்டு நிமிடம் படிப்பதை எடுத்துவிடாதீர்கள். வேறு யாரோ எழுதின குறிப்பை வைத்துப் பேசினால், எதிரில் இருப்பவர் இரண்டாவது கேள்வி கேட்கும்போதே மாட்டிக்கொள்வேன். பதில் மின்னஞ்சல் வந்தாலும் நானேதான் எழுத வேண்டும். "இப்போது வேண்டாம்" என்பதில் எது உண்மையான மறுப்பு, எது அடுத்த காலாண்டில் பேசலாம் என்ற அர்த்தம் என்று, அந்த ஆளிடம் முன்பே பேசினவருக்குத்தான் பிடிபடும்.

இன்னொன்று, மிச்சமாகும் நேரத்தில் அழைப்பு எண்ணிக்கையை மட்டும் இரட்டிப்பாக்கச் சொன்னால் குழு சோர்ந்துவிடும். எத்தனை பேரோடு உண்மையாகப் பேச முடிந்தது என்பதை எண்ணுங்கள்.

பதிவேடு:
ஆள் தேடுவதற்கு முன்னால் சில வேலைகளை அப்படியே நிறுத்த முடியுமா என்றும் பாருங்கள். எங்கள் சிஆர்எம்மில் ஒரு அழைப்புக்குப் பதினான்கு கட்டங்கள் நிரப்ப வேண்டியிருந்தது, யார் படிக்கிறார்கள் என்று கேட்டபோது நான்கைத் தவிர எதையும் யாரும் பார்ப்பதில்லை. மீதியை எடுத்துவிட்டோம். ஐரோப்பிய ஆட்களின் விவரங்கள் உங்களிடம் இருந்தால், அதை வெளியாளிடம் கொடுப்பதற்கு முன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட வேண்டும், ஐரோப்பாவின் தனிநபர் தரவுச் சட்டமான ஜிடிபிஆர் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவருக்குத் தனி லாகின் கொடுங்கள், மொத்த டேட்டாவையும் பதிவிறக்கும் உரிமை வேண்டாம்.

ஆறுபேர்குழு:
மிக்க நன்றி. கட்டங்கள் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, எங்களிடம் பதினொன்று இருக்கிறது, நாளைக்கே உட்கார்ந்து குறைக்கிறேன். அப்புறம் லிஸ்ட் சரிபார்ப்பை மட்டும் இரண்டு எஸ்டிஆர்களுக்கு முதலில் ஆரம்பிக்கிறேன், தப்பான பத்து உதாரணத்தை அவர்களையே எழுதச் சொல்லப் போகிறேன்.